மலை முந்தியா, கம்ப்யூட்டர் முந்தியா? அடி அண்ணாமலையில் ஒரு தீபத் திருநாள்

திருவண்ணாமலைக்குப் போனவர்களில் பெரும்பாலானோர் ஒரு தடவையாவது கிரிவலம் போயிருப்பீர்கள். கிரிவலம் போன எல்லோருமே அடி அண்ணாமலையைக் கடந்துதான் வந்திருப்பீர்கள். ஆனால், 'அந்த ஊருக்குள் போயிருக்கிறீர்களா?' என்று கேட்டால் கொஞ்சம் பேர்தான் கை தூக்குவீர்கள்.

காரணம் இருக்கிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ராஜகோபுரத்திலிருந்து கிளம்பி, இந்திர லிங்கம், அக்னி லிங்கம், ரமணாசிரமம், எம லிங்கம், நிருதி லிங்கம் என்று வரிசையாகக் கும்பிட்டு, வருண லிங்கத்தையும் தாண்டிய பிறகுதான் அடி அண்ணாமலை வருகிறது. பாதிக்கு மேல் நடந்தாயிற்று. கால் கெஞ்ச ஆரம்பித்திருக்கும். 'இன்னும் வாயு லிங்கம், குபேர லிங்கம், ஈசான்ய லிங்கம் பாக்கி இருக்கே' என்று மனசு கணக்குப் போடும். அந்த நேரத்தில் பாதையை விட்டு விலகி ஊருக்குள் இருக்கிற கோயிலுக்குப் போக எத்தனை பேருக்குத் தோன்றும்?

தோன்ற வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆதி அண்ணாமலையார் கோயில் அங்கேதான் இருக்கிறது. 'ஆதி' என்றும் சொல்கிறார்கள், 'அடி' என்றும் சொல்கிறார்கள். பிரம்மா பிரதிஷ்டை செய்த லிங்கம் என்பது தலபுராணம். திருமாலும் பிரம்மாவும் அடியையும் முடியையும் தேடிப் போன கதை எல்லோருக்கும் தெரியும். அந்த அடிமுடி தெரியாத நெருப்புதான் மலையாகக் குளிர்ந்து நிற்கிறது என்பது இந்த ஊரின் நம்பிக்கை. முடியில் கார்த்திகை தீபம் எரிகிறது. அடிக்கு ஓர் ஊரே இருக்கிறது!

பக்கத்திலேயே மாணிக்கவாசகருக்கு ஒரு கோயில். திருவெம்பாவையை அவர் பாடியது இங்கேதான் என்று சொல்வார்கள். மார்கழி விடியற்காலையில் தமிழ்நாடு முழுக்க ஒலிக்கிற பாட்டுக்கு இந்தச் சின்ன ஊர்தான் பிறந்த வீடு என்று நினைக்கும்போது, நடந்து வந்த கால் வலி கொஞ்சம் குறையத்தான் செய்கிறது.

எனக்கு இந்த ஊர் பழக்கமானதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் அத்தையைக் கட்டிக்கொடுத்த ஊர் இது. பெரிய கோயிலின் கூட்டத்துக்குப் பயந்தவர்கள் எங்கள் குடும்பத்தில் நிறையப் பேர். எனவே தீபத்துக்கு நாங்கள் போய் இறங்குவது அத்தை வீட்டு மொட்டை மாடியில்தான். அங்கிருந்து பார்த்தால் மலை உச்சி நேராகத் தெரியும். நகரத்திலிருந்து பார்க்கிற மலையும் இங்கிருந்து பார்க்கிற மலையும் ஒன்றே அல்ல என்று நினைக்கும் அளவுக்கு உருவம் மாறியிருக்கும். நடக்க நடக்க மலை முகத்தைத் திருப்பிக்கொண்டே வருகிறது.

அத்தை வீட்டு கம்ப்யூட்டர்

இங்கே ஒரு சிக்கல். மலை உச்சியில் எரிகிற தீபத்தை எங்கிருந்து வேண்டுமானாலும் பார்க்கலாம். 2,668 அடி உயரம். மழையும் மேகமும் விட்டுக்கொடுத்தால் சுற்றுப்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் தெரியும். ஆனால், அன்றைக்கு நடக்கிற இன்னொன்றை அப்படிப் பார்க்க முடியாது. சாயங்காலம் 6 மணிக்குச் சற்று முன்னால் பெரிய கோயிலுக்குள் அர்த்தநாரீசுவரர் ஆடிக்கொண்டே வெளியே வருவார். வருஷத்தில் அந்த ஒரு நாள், அதுவும் சில நிமிஷங்கள் மட்டும். அவர் காட்சி கொடுக்கும்போது கொடிமரத்துக்கு முன்னால் அகண்ட தீபம் ஏற்றுவார்கள். அதே நேரத்தில் மலை உச்சியில் மகா தீபம் எரியும்.

அந்தச் சில நிமிஷங்களைக் கோயிலுக்குள் நின்று பார்க்கக் கொடுத்து வைத்தவர்கள் சில ஆயிரம் பேர். வெளியே நிற்பவர்கள் லட்சக்கணக்கில். அந்த லட்சக்கணக்கானவர்களுக்கும், ஊரிலேயே பிறந்து வளர்ந்து முட்டி வலியால் வீட்டோடு இருக்கிற என் அத்தை மாதிரியானவர்களுக்கும் அர்த்தநாரீசுவரரைக் காட்டிக்கொடுத்தது டிவிதான்.

'மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு தீபத்தை டிவியில் பார்ப்பதா?' என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அடி அண்ணாமலையில் யாரும் சிரிக்க மாட்டார்கள். ஸ்வாமிக்கு டிவி, ஜோதிக்கு மாடி. இதுதான் அங்கே வழக்கம். அர்த்தநாரீசுவரர் வந்துவிட்டாரா என்று கூடத்தில் ஒரு கண், உச்சியில் வெளிச்சம் தெரிகிறதா என்று வாசலில் ஒரு கண். குழந்தைகள்தான் நடுவில் ஓடிக்கொண்டிருக்கிற தூதுவர்கள்.

சென்ற கார்த்திகைக்குப் போனபோது அத்தை வீட்டுக் கூடத்தில் டிவி இருந்த இடம் காலியாக இருந்தது. பழைய டிவி படம் காட்டுவதை நிறுத்திவிட்டதாம். அதற்குப் பதிலாக ஒரு மேஜை, அதன்மேல் கம்ப்யூட்டர். கொரோனா சமயத்தில் பேரனின் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கியது. பள்ளிக்கூடம் திறந்த பிறகு சும்மா கிடந்தது. தெருவுக்கு இன்டர்நெட் கேபிள் வந்ததும் அதுவே டிவி ஆகிவிட்டது.

அத்தைக்கு அதில் ஒரு குறையும் இல்லை. கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்து, மேலே ஒரு முழம் பூவும் சாத்தியிருந்தார். "எந்தப் பொட்டியில வந்தா என்ன கண்ணு, உள்ள வர்றது அவர்தானே" என்றார்.

அரை நிமிஷ ரகசியம்

அன்று மேகம் மூடுவதும் விலகுவதுமாக விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தது. ஆறு மணி நெருங்கியது. கூடத்தில் அத்தை, பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர், நான். கம்ப்யூட்டரில் பெரிய கோயிலின் கொடிமரம் தெரிந்தது. அர்த்தநாரீசுவரரின் பல்லக்கு இன்னும் திரைக்குள் வரவில்லை.

திடீரென்று வெளியே கிரிவலப் பாதையிலிருந்து ஒரு சத்தம். ஒரே குரலாக, 'அண்ணாமலையாருக்கு அரோகரா!' மாடியிலிருந்து பேரன் கத்தினான். "ஆயா, எரிஞ்சிடுச்சி!" கம்ப்யூட்டரிலோ அப்போதுதான் பல்லக்கு ஆடி ஆடி வெளியே வருகிறது!

பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் பதறிப்போய், "இதென்ன, சாமி வர்றதுக்கு முன்னாடியே ஏத்திட்டாங்களா?" என்றார்.

அப்படி இல்லை. டிவி படம் ஆன்டெனாவில் வந்த காலத்தில், கேமரா பார்த்ததும் நாம் பார்ப்பதும் கிட்டத்தட்ட ஒரே நொடி. செயற்கைக்கோள் வழியாக வந்தால் பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் மேலே போய்த் திரும்பி வர வேண்டும். அதற்குக் கால் நொடி போதும். இன்டர்நெட்டில் விஷயம் வேறு. அங்கே படத்தைச் சில நொடிகள் நீளமுள்ள துண்டுகளாக வெட்டி, சுருக்கி, ஒவ்வொரு துண்டாக அனுப்புகிறார்கள். நம் கம்ப்யூட்டரும் வந்த துண்டை உடனே காட்டிவிடாது. நடுவில் படம் நிற்காமல் இருக்க, சில துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஓட ஆரம்பிக்கும். எல்லாம் சேர்ந்து அரை நிமிஷம், சில சமயம் அதற்கு மேலும் பின்தங்கும். கிரிக்கெட் பார்க்கும்போது பக்கத்து வீட்டில் முதலில் கைதட்டல் கேட்கிறதே, அதே சங்கதிதான்.

விளக்கிச் சொன்னேன். அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நமக்கு ரெண்டு தடவ தரிசனம்" என்று எழுந்தார். மாடிப்படி ஏற முடியாது. வாசல் வரை பிடித்துக்கொண்டு போனோம். மேகம் விலகிய இடைவெளியில் உச்சியில் ஒரு பொட்டு வெளிச்சம். கை கூப்பிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். அப்போதுதான் கம்ப்யூட்டரில் அகண்ட தீபம் எரிந்தது. மறுபடியும் கை கூப்பினார்.

தகரப் பெட்டியில் ஒரு சின்னப் புத்தகம்

மறுநாள் காலையில் பேச்சு எப்படியோ பழைய ரேடியோவுக்குப் போனது. அத்தை உள்ளே போய்த் தகரப் பெட்டியிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து வந்தார். மறைந்த மாமாவின் ரேடியோ லைசென்ஸ் புத்தகம்.

இன்றைய பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒரு காலத்தில் நம் நாட்டில் வீட்டில் ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். 1933-ஆம் வருஷத்து வயர்லெஸ் தந்திச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் ரேடியோ வைத்திருப்பதே குற்றம். கேட்டாலும் கேட்காவிட்டாலும் சரி, பெட்டி வீட்டில் இருந்தால் கட்ட வேண்டும். 1927-இல் பம்பாயில் தனியார் கம்பெனி ஒலிபரப்பு ஆரம்பித்தபோது வருஷத்துக்குப் 10 ரூபாய். அப்புறம் அது 15 ரூபாய் ஆனது. டிவி வந்ததும் அதற்குத் தனியாக 50 ரூபாய்.

எங்கே கட்டுவது? தபால் ஆபீசில்தான். பணத்தைக் கட்டினால் புத்தகத்தில் அதற்கென்று இருக்கிற ஸ்டாம்ப்பை ஒட்டி, தபால் முத்திரை குத்திக் கொடுப்பார்கள். கட்டியிருக்கிறோமா என்று வீடு வீடாகப் பார்த்துவர ஓர் இன்ஸ்பெக்டர் உண்டு. அவர் வருகிறார் என்று தெரிந்தால் ரேடியோவைப் போர்வைக்குள் மறைத்த கதைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன.

மாமா அந்தக் கதைகளில் இல்லாதவர். தவணை வந்துவிட்டால், கட்டிவிட்டு வருகிற வரைக்கும் ரேடியோவைத் திருக விடமாட்டாராம். "நாலு நாள் செய்தி கேக்காம இருந்தா உசுரா போயிடும்னு கேப்பாரு" என்றார் அத்தை. புத்தகத்தைப் புரட்டினால் ஒவ்வொரு பக்கத்திலும் வரிசையாக ஸ்டாம்ப், முத்திரை. ஒரு வருஷம்கூட விட்டுப்போகவில்லை.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் ஆரம்பித்தது. திருவண்ணாமலை அங்கிருந்து சுமார் 190 கிலோமீட்டர். படம் கிடைக்க வேண்டுமென்றால் வீட்டைவிட உயரமாக ஆன்டெனா கம்பம் நட வேண்டும். காற்று அடித்தால் ஒருவர் மேலே ஏறித் திருப்ப, இன்னொருவர் கீழே நின்று 'வருது... போயிடுச்சி... அங்கேயே நிறுத்து' என்று குரல் கொடுக்க வேண்டும். உங்களில் பலருக்கும் அந்த அனுபவம் இருக்கும். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்க டிவி இருக்கிற வீட்டில் நாலணா கொடுத்துத் தரையில் உட்கார்ந்தவர்களும் இருப்பீர்கள். அதுவும் ஒரு வகை லைசென்ஸ்தான்!

1980-களின் நடுவில் மத்திய அரசு இந்த லைசென்ஸ் முறையையே எடுத்துவிட்டது. விளம்பர வருமானம் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. வீடு வீடாக வசூலிப்பதை விட்டுவிட்டு, விளம்பரப் பணத்திலும் அரசாங்கத்தின் பணத்திலும் வானொலியும் தூர்தர்ஷனும் நடக்கும் என்று ஆனது. மாமா புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் காலியாக இருப்பதற்கு அதுதான் காரணம். அவற்றையும் கிழிக்காமல் வைத்திருக்கிறார் அத்தை.

லண்டனிலிருந்து ஒரு கேள்வி

அந்தப் பேச்சு எங்கள் எல்லோருக்கும் சுவாரசியமானதற்குக் காரணம், அத்தையின் மகள். எனக்கு அக்கா முறை. லண்டனில் இருக்கிறார். தீபத்துக்குப் பத்து நாள் முன்பு போனில் அவர் கேட்ட கேள்விதான் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

"நம்ம ஊர் தீபத்தை லேப்டாப்ல லைவா பார்த்தா நான் இங்க லைசென்ஸ் கட்டணுமா?"

நாம் 40 வருஷம் முன்னால் மறந்துபோன விஷயம், பிரிட்டனில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அங்கே டிவி லைசென்ஸ் கட்டணம் 2025 ஏப்ரலில் வருஷத்துக்கு 174 பவுண்டு 50 பென்ஸ் ஆனது. நம் பணத்தில் 20,000 ரூபாய்க்கு மேல். பிபிசி பெரும்பாலும் இந்தப் பணத்தில்தான் நடக்கிறது. அதனால்தான் உள்நாட்டில் அதன் டிவியில் விளம்பர இடைவேளை கிடையாது.

அக்கா வீட்டில் டிவி பெட்டியே இல்லை. 'பெட்டி இல்லையென்றால் லைசென்ஸ் எதற்கு?' என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால், அங்கே சட்டம் பெட்டியைப் பார்ப்பதில்லை, என்ன பார்க்கிறோம் என்பதைப் பார்க்கிறது. எந்த டிவி சேனலையும் அது ஒளிபரப்பாகும் அதே நேரத்தில் பார்த்தால் லைசென்ஸ் வேண்டும். டிவியில் பார்த்தாலும் ஒன்றுதான், லேப்டாப்பிலோ போனிலோ பார்த்தாலும் ஒன்றுதான். வெளிநாட்டுச் சேனலாக இருந்தாலும் விதிவிலக்கு இல்லை. பிபிசியின் 'ஐபிளேயர்' என்ற இணைய சேவைக்கு மட்டும் இன்னும் கறார். 2016 செப்டம்பர் 1 முதல், அதில் பழைய நிகழ்ச்சியைப் பார்த்தாலும் லைசென்ஸ் வேண்டும். இல்லாமல் பார்த்து மாட்டிக்கொண்டால் 1,000 பவுண்டு வரை அபராதம் உண்டு.

அதே சமயம், மற்ற சேனல்களின் நிகழ்ச்சியை ஒளிபரப்பு முடிந்த பிறகு யூடியூபில் பார்த்தால் லைசென்ஸ் தேவையில்லை. ஆக, அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். திருவண்ணாமலையில் மாலை 6 மணி என்பது லண்டனில் பகல் 12.30. அந்த நேரத்தில் தமிழ்ச் சேனல் ஒன்றை லேப்டாப்பில் நேரலையாகப் பார்த்தால் லைசென்ஸ் வேண்டும். அதே காட்சியை யூடியூபில் ஏற்றிய பிறகு சாயங்காலம் பார்த்தால் வேண்டாம். வருஷத்தில் ஒரே ஒரு நாள்தானே என்று கேட்டால், ஒரு நாளுக்கென்று தனிக் கட்டணம் கிடையாது.

"யார் வந்து பார்க்கப் போறாங்க? சும்மா பாருக்கா" என்று நானே சொன்னேன். அக்கா சிரித்தார். "அப்பா பதினஞ்சு ரூபா கட்டாம ரேடியோவைத் திருக விடமாட்டாரு. அவரு பொண்ணு, சாமி பார்க்கறதுக்குத் திருட்டுத்தனம் பண்ணணுமா?"

அப்புறம் யாரும் பேசவில்லை. ஊரை விட்டுப் போய் இருபது வருஷம் ஆனவருக்கு, அந்த நிமிஷத்தில் நாங்களெல்லாம் பார்ப்பதைத் தானும் பார்க்க வேண்டும் என்ற ஆசை எவ்வளவு பெரியது என்று எங்களுக்குத் தெரியும்.

வழி சொன்னது பேரன்தான். "அத்த, நான் மாடியில இருந்து வீடியோ கால் போடறேன். அதுக்கு லைசென்ஸ் கேப்பாங்களா?"

கேட்க மாட்டார்கள்! வீட்டு மனிதர்கள் பேசிக்கொள்வது டிவி ஒளிபரப்பு ஆகாது. அப்படித்தான் தீபத்தன்று நடந்தது. மாடியில் பேரன் கையில் போன், போனுக்குள் அக்கா, எதிரே மலை. கீழே கூடத்தில் கம்ப்யூட்டர் இன்னும் பல்லக்கையே காட்டிக்கொண்டிருந்தபோது, 8,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தவர் எங்களுக்கு முன்னால் தீபத்தைப் பார்த்துவிட்டார். வீடியோ காலில் துண்டு துண்டாகச் சேர்த்து வைக்கிற வேலை இல்லை. அதனால் தாமதம் மிகக் குறைவு. கொரோனாவுக்கு வாங்கிய கம்ப்யூட்டரைவிட, கையில் இருந்த போன் மலைக்குப் பக்கத்தில் இருந்தது.

அர்த்தநாரீசுவரரை மட்டும் அக்கா ராத்திரிதான் பார்த்தார், யூடியூபில். "லேட்டா பார்த்தா புண்ணியம் குறையுமாம்மா?" என்று கேட்டதற்கு அத்தை சொன்ன பதில்: "அவரு வருசத்துக்கு ஒரு தடவதான் வெளியே வர்றாரு. நீ ஆறு மணி நேரம் காத்திருந்தா ஒண்ணும் கொறஞ்சுடாது."

யார் கொடுக்கிற காசு?

இந்த விஷயத்தை ஆராய்ந்து பார்த்தபோது, தமிழர்கள் இருக்கிற நாடுகளெல்லாம் ஒவ்வொரு தினுசாக இருப்பது தெரிந்தது. ஜெர்மனியில் 2013 முதல் வீட்டுக்கு இவ்வளவு என்று கட்டணம். டிவி இருக்கிறதா, கம்ப்யூட்டர் இருக்கிறதா என்ற கேள்வியே இல்லை. சுவிட்சர்லாந்திலும் 2019 முதல் அப்படித்தான். அங்கே 2018-இல் இந்தக் கட்டணமே வேண்டாம் என்று ஒரு பொதுவாக்கெடுப்பு நடந்து, மக்கள் 'இருக்கட்டும்' என்று பெருவாரியாக வாக்களித்தார்கள். சிங்கப்பூர் 2011-இல் டிவி லைசென்ஸை எடுத்துவிட்டது. ஆஸ்திரேலியா 1974-இலேயே எடுத்துவிட்டது. பிரான்ஸ் 2022-இல்.

'நமக்கு அந்தத் தொல்லை இல்லையப்பா' என்று நாம் நிம்மதியாக மூச்சு விடலாம். கம்ப்யூட்டரில் டிவி பார்க்க இந்தியாவில் லைசென்ஸ் கிடையாது. ஆனால், காசே கொடுக்காமலா பார்க்கிறோம்? அத்தை வீட்டுக் கணக்கைக் கேட்டேன். மாதாமாதம் இன்டர்நெட்டுக்கு ஒரு தொகை. அதற்கு முன்னால் கேபிளுக்கு. 2006-இல் ஆட்சிக்கு வந்த அரசு வீட்டுக்கு வீடு இலவசக் கலர் டிவி கொடுத்தது. 2011-இல் அரசு கேபிளை மாதம் 70 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். பெட்டி இலவசமாக வந்த வீட்டிலும் மாதக் கட்டணம் போய்க்கொண்டுதான் இருந்தது. மாதக் கட்டணமே வேண்டாம் என்றால் தூர்தர்ஷனின் 'ஃப்ரீ டிஷ்' இருக்கிறது. குடைக்கும் பெட்டிக்கும் ஒரு தடவை செலவு செய்தால் போதும். அதை நடத்துகிற பிரசார் பாரதிக்குப் போகிறது நம் வரிப் பணம். 'சும்மா' பார்க்கிற சேனலுக்கு விளம்பரக்காரர் கொடுக்கிறார். அவருக்கு, சோப்பு வாங்கும்போது நாம் கொடுக்கிறோம். ஸ்டாம்ப் ஒட்டிய புத்தகம் இல்லையே தவிர, கட்டணம் எங்கேயும் போய்விடவில்லை.

அந்தப் பணத்துக்கு என்ன கிடைத்தது என்று நினைத்தால் இரண்டு வருஷங்கள் ஞாபகம் வருகின்றன. 2020 நவம்பர் 29. கொரோனா காரணமாகத் தீபத்தன்று பக்தர்களுக்குக் கிரிவலமே கிடையாது. அடி அண்ணாமலைப் பாதையில் ஆள் நடமாட்டமில்லாத தீபத் திருநாளை அதற்கு முன் பார்த்ததே இல்லை என்கிறார் அத்தை. அன்று உலகம் முழுக்க இருந்தவர்களுக்கு டிவியும் கம்ப்யூட்டரும்தான் கோயில்.

அடுத்தது 2024. ஃபெஞ்சல் புயல் மழையில் டிசம்பர் 1-ஆம் தேதி மலைச் சரிவில் மண் சரிந்து, வ.உ.சி. நகரில் குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்துபோனார்கள். பன்னிரண்டு நாள் கழித்துத் தீபம். பக்தர்கள் மலை ஏற அனுமதி இல்லை. தீபம் ஏற்றுகிற பர்வதராஜ குலத்தினரும், கொப்பரையும் நெய்யும் திரியும் சுமந்தவர்களும், பாதுகாப்புக்குப் போனவர்களும் மட்டும் ஏறினார்கள். மற்றவர்களெல்லாம் கீழே இருந்துதான் கும்பிட்டார்கள். "அந்த வருசம் ஜோதியப் பார்க்கறப்ப அந்தப் புள்ளைங்க ஞாபகம்தான் வந்துச்சி" என்றார் அத்தை. வீட்டில் உட்கார்ந்து பார்ப்பது சோம்பேறித்தனம் என்று நினைக்கிறவர்கள் இந்த இரண்டு வருஷத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மலைக்கும் சில சமயம் ஓய்வு தேவைப்படுகிறது.

நீங்கள் போகும்போது

சென்னை கிளாம்பாக்கத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் பேருந்துகள் நிறைய. 2024 மே மாதம் முதல் சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் வழியாகத் திருவண்ணாமலைக்கு ரயிலும் இருக்கிறது. தீபம், சித்ரா பவுர்ணமி நாட்களைத் தவிர்த்து, சாதாரண நாளில் விடியற்காலையில் நடக்க ஆரம்பியுங்கள். வெயில் ஏறுவதற்குள் அடி அண்ணாமலைக்கு வந்துவிடலாம்.

வருண லிங்கத்தைத் தாண்டியதும் வேகத்தைக் குறையுங்கள். மாணிக்கவாசகரைப் பார்த்துவிட்டு, பாதையிலிருந்து ஊருக்குள் திரும்புங்கள். ஆதி அண்ணாமலையார் கோயிலில் கூட்டம் இருக்காது. பெரிய கோயிலில் எட்டிப் பார்த்து நகர வேண்டிய இடத்தில், இங்கே நிதானமாக நின்று கும்பிடலாம். வெளியே வந்ததும் போனைப் பையில் வைத்துவிட்டு, ஒரு நிமிஷம் மலையைப் பாருங்கள்.

தீபத்துக்கே போக வேண்டும் என்று இருந்தால், ஜோதி 11 நாட்கள் எரியும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் நெரிசலில் சிக்க வேண்டியதில்லை. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ சாயங்காலம் போனால், அடி அண்ணாமலைத் தெருவிலிருந்து அதே ஜோதியை யாரும் இடிக்காமல் பார்க்கலாம்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிறவர்கள் அங்கிருந்தே ஒரு வீடியோ கால் போடுங்கள். அவர்களுக்கு அது எந்த லைசென்சும் இல்லாத தரிசனம். நீங்கள் பேசக்கூட வேண்டாம். மலைப் பக்கம் திருப்பிப் பிடித்தால் போதும்.